மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான்தான்

(மார்ச் 24, உலக காசநோய் தினத்தன்று நம் குடியிருப்பு ஹாலில் பேசியது)

டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே என்று செயலாளரிடம் சொன்னேன். "உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க சார், போதும்" என்றார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன். மருத்துவம் தெரியாது. தெரிந்த மாதிரி பேசியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தங்கை மகளுக்குக் கல்யாணமான மறுவருஷம் டிபி வந்தது. ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. சிகிச்சை முடியும்வரை குழந்தையைத் தள்ளிப்போடுங்கள் என்றார் டாக்டர். அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்தாள். அப்படியும் மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போனது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. டிபி மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று. சிறுநீரைச் சிவப்பாக்குமே, அதுதான். கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி அது செய்துவிடும். காலையில் போட்ட டெபாசிட்டை மத்தியானமே எடுத்துவிடுகிற மாதிரி. ஆகவே டிபி மருந்து சாப்பிடும்போதும், முடித்து ஒரு மாதம் வரையிலும் அந்த மாத்திரையை நம்பக் கூடாது. காப்பர்-டி, ஆணுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாத்திரை சாப்பிடுவதை இவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறோமா என்ன?

தங்கை எனக்குப் போன் செய்தாள். குடும்பத்தில் விவரம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர். "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இவ்வளவு மருந்தா? முதலில் நிறுத்தச் சொல்" என்றேன். மாமா சொன்னால் சரி என்று அவளும் நிறுத்திவிட்டாள். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரிடம் நானும் போனேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த வழக்கமான மருந்துகளைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறோம், கூட பி6 வைட்டமின் சேர்ப்போம் என்றார். கவனிக்காமல் விட்ட டிபிதான் ஆபத்து. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாயின் உயிருக்கே கேடு. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். அப்போது தரும் மருந்துகளில் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை. பழைய ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஆகாது, பிள்ளையின் காதைப் பாதிக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மருந்தை மறுபடி ஆரம்பித்தாள். மசக்கை வாந்தியோடு அதையும் விழுங்கினாள். மாமியார் வீட்டில் தட்டும் தம்ளரும் தனி. தட்டு வழியாக டிபி வராது, இருமும்போது காற்றில்தான் பரவும். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் சிலரை சானடோரியத்திலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அதுவும் ஒரு காரணம். இதைச் சம்பந்தியம்மாளுக்கு நானே போய்ச் சொன்னேன். அவ்வளவாவது செய்தேன்.

ஆண் குழந்தை. டாக்டர் பரிசோதித்தார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். இரண்டாவது குழந்தைக்கு அவள் என்னைக் கேட்கவில்லை, நேரே டாக்டரிடம் போனாள். சிகிச்சை முழுதாக முடிந்ததா, எடை தேறியதா என்று பார்த்த பிறகுதான் அவர் சரி என்றார்.

இன்னொன்று. டிபி கருக்குழாயையும் அடைக்கும், இருமலே இல்லாமல். பல வருஷம் குழந்தையில்லாமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்கள் இதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். கோரிமேட்டில் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஜிப்மரும் இருக்கின்றன. அரசுத் திட்டத்தில் டிபி மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. கணக்கில் ஆதார் இணைக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், அது என் தொழில்.

பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் இங்கே வந்து லிஃப்டை விட்டுவிட்டு மாடி முழுக்க ஓடியே ஏறினான். கேள்வி இருந்தால் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்பேன்.