மூத்தவர்களுக்கும் ஊசி உண்டு

 

கச்சான் ஓயப்போகிறது. இன்னும் சில கிழமைகளில் வாடை எழும்பும். வள்ளங்களைக் கரையில் மேலே இழுத்துப் போடுவோம், எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைப்போம், கூரைத் தகரத்துக்கு ஆணி இறுக்குவோம். மாரிக்கு முன் செய்யவேண்டியதை நம் இறக்கக்கண்டி ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் மூத்தவர்களின் நெஞ்சுக்கு நாம் என்ன செய்கிறோம்? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

குளிர்காலக் காய்ச்சல் பனி கொட்டும் தேசத்துச் சங்கதி என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இலங்கையில் இன்புளுவென்சா என்ற அந்தக் காய்ச்சல் ஆண்டுக்கு இரண்டு தடவை தலைதூக்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றது. இரண்டாவது நம்முடைய மாரி. மழைக்குக் கதவைச் சாத்திவிட்டு ஒரே அறையில் எட்டுப்பேர் படுத்தால், ஒருவர் விட்ட மூச்சைத்தானே மற்றவர் இழுக்கிறார்? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபின் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத் தரையில் படுத்தவர்களைக் கேளுங்கள். ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் விடிவதற்குள் வரிசை முழுக்க இருமும்.

1918இல் கொழும்பாலும் தலைமன்னாராலும் இந்தத் தீவுக்குள் நுழைந்தது இதே இன்புளுவென்சாக் காய்ச்சல். தீவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 3 இலட்சத்தைக் குறைத்தது என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள். அன்று இதற்குத் தடுப்பூசி இல்லை. மனிதரைப் பிடிக்கும் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். அந்தச் சனங்களை நாம் குறைசொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் நாம் பின்னின்றவர்கள் அல்லர். சண்டை நடந்த காலத்திலும், 1995 முதல், போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாள்களுக்காகத் துவக்குகள் ஓய்ந்தன. இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்காக இணங்கின. 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளையும் போலியோவால் கால் இழக்கவில்லை. கிளினிக் நாளில் பிள்ளையின் பதிவேட்டைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு மழையில் நடக்கும் தாய்மாரை இன்றும் பார்க்கிறேன். ஆனால் பிள்ளைக்கு ஓர் ஊசியும் தவறவிடாத அந்தத் தாய், தன்னைப் பெற்றவளுக்கு ஊசி கேட்டதுண்டா? நானும் கேட்கவில்லை.

என் வாப்பாவுக்குச் சீனி வருத்தம். ஒரு டிசம்பரில் தடிமன் என்றுதான் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். நாலாம் நாள் மூச்சு எடுக்க முடியவில்லை, நியூமோனியா என்றார்கள். மழைக்குள்ளேதான் அவரை அடக்கினோம். எந்தக் கிருமி என்று யாரும் சோதிக்கவில்லை. மாரிக்கு முன் அவருக்கும் ஓர் ஊசி இருந்தது என்பது, படித்த மகனான எனக்கே தெரியாமல் போனது.

"ஊசி போட்டும் தடிமன் வந்ததே" என்று கேட்கிறீர்கள். சூடை வலையில் அறுக்குளா படுமா? தடிமனைத் தரும் கிருமிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்த வலை இன்புளுவென்சாவுக்கு மட்டும் கட்டியது. ஆளை ஆஸ்பத்திரியில் கிடத்தக்கூடியது அது. அந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் வலைக்கண்ணையும் மாற்றிக் கட்டவேண்டியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை கூடி அதைத் தீர்மானிக்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. ஊசியால் இன்புளுவென்சா வராது, அதில் உயிருள்ள கிருமி இல்லை. கை நோகும், ஒருநாள் உடம்பு காயலாம், அவ்வளவுதான். ஆனால் பலன் பிடிக்க இரண்டு கிழமை வேண்டும். வாடை எழும்பியபின் ஓடிப் பயனில்லை.

வயதானவர்கள், சீனி, இருதய வருத்தம், முட்டு உள்ளவர்கள் முதலில் போடவேண்டும். கர்ப்பிணித் தாய்மார் கட்டாயம் வைத்தியரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போடமுடியாது. கர்ப்பகாலத்தில் தாய் போட்டால் அந்தக் காப்பு குழந்தைக்கும் போகிறது.

பெரியவர்களுக்கு ஊசி புதிதல்ல. ஹஜ்ஜுக்குப் போகும் ஹாஜிமார் மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் புறப்பட முடியாது என்பது நமக்குத் தெரியும். 2021இல் கொவிட் ஊசிக்கு நம் பெரியவர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் பயந்தவர்கள் அல்லர். இந்த ஊசிக்கு அழைக்கத்தான் ஆளில்லை.

காசு ஒரு தடைதான், மறைக்கமாட்டேன். அரசாங்கத்தின் வழமையான இலவச ஊசி அட்டவணையில் இது இல்லை. வெளியில் காசுக்குத்தான் போடவேண்டும். ஏழை வீட்டுப் பெரியவருக்கு அது பாரம். ஆகவே கேட்கிறேன். ஒரு நாள் மீன்பாட்டில் வள்ளத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவோமா? பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து ஒரு கணக்குத் திறக்கலாமா? பெயர்கள் சேர்ந்தால், குச்சவெளி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஆலோசனை கேட்டு, யாருக்கு முதலில் என்று ஒழுங்குபண்ணலாம்.

அந்த மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் வீட்டு மூத்தவர்களின் பெயர், வயது, வருத்தம் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் உம்மாவின் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.