ஆனர்ஸ் படிப்பும் வைஸ்சான்சலர்களும்

(ஐயப்பன்தாங்கல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், ஆனர்ஸ் என்னும் உயர்ந்த படிப்புக்கு ஆதரவு காட்டிய சர்வகலாசாலைத் தலைவர்களைப் பாராட்டுவது என்பதாகும். வரும் வழியில் ஒரு தோழர், "சாமிக்கு மாலை போடாதே என்கிறீர்கள், வைஸ்சான்சலருக்கு மாத்திரம் மாலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லுக்குப் போடும் மாலைக்குக் கணக்குக் கேட்க முடியாது. மனிதனுக்குப் போடும்போது, நீ என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்று கேட்டுவிட்டுப் போடலாம். பொய்யென்று தெரிந்தால் கழற்றியும் விடலாம்.

ஆனர்ஸ் என்றால் என்ன? அக்காலச் சென்னை சர்வகலாசாலையில் இண்டர்மீடியட் தேறியவன் இரண்டு வருஷம் படித்தால் சாதாரண பி.ஏ. மூன்று வருஷம் ஒரே பாடத்தில் ஆழ்ந்து படித்தால் பி.ஏ. ஆனர்ஸ். ஒரு வருஷந்தானே என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வருஷத்துச் சம்பளம், புஸ்தகம், சாப்பாடு இவற்றை யாரால் கொடுக்க முடிந்தது? உழுகிறவனாலா? தறி நெய்கிறவனாலா? காஞ்சீபுரத்தில் 1909-ல் பிறந்த தோழர் அண்ணாத்துரை, படிப்பை நிறுத்தி நகரசபையில் குமாஸ்தா வேலை பார்த்து, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-ல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அவரைப் போல் குமாஸ்தா வேலைக்குப் போய், அங்கேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

சர்வகலாசாலைக்கு மனமிருந்தால் விதி வளையும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. கணிதமேதை ராமானுஜம் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், துறைமுகத்தில் குமாஸ்தா. பட்டமில்லாத அவருக்கு 1913-ல் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. நாமகிரித் தாயார் கனவில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்பார்கள். சொல்லியிருக்கட்டும். அந்த 75 ரூபாயைத் தாயார் கொடுக்கவில்லை, சர்வகலாசாலைதான் கொடுத்தது. விதியை வளைத்ததில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பறையர் தெருவிலும் குயவர் தெருவிலும் பிறந்த பிள்ளைகளுக்காக அது எத்தனை தடவை வளைந்தது என்பதே நம் கேள்வி.

இனி டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ராமசாமி முதலியாரோடு இரட்டையராய்ப் பிறந்தவர். பிரசவ வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர். 1942 முதல் 1969 வரை 27 வருஷம் சென்னை சர்வகலாசாலை வைஸ்சான்சலராயிருந்தார். ஒரே மனிதர் ஒரே நாற்காலியில் 27 வருஷம் இருப்பது நல்லதென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து அவர் செய்ததைப் பாருங்கள். 1952-ல் பௌதிகத் துறைக்குத் தலைவராக வரும்படி சர். சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தாம் வர மறுத்து, ஜி.என். ராமச்சந்திரன் என்னும் வாலிபரைச் சிபார்சு செய்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். முதலியார் வயதைப் பார்க்கவில்லை, வகுப்பையும் பார்க்கவில்லை. துறையையே அவரிடம் ஒப்படைத்தார். இரண்டு மூன்று வருஷத்துக்குள் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் எலும்புக்கும் வலுக்கொடுக்கும் கொல்லாஜன் என்ற பொருள் மூன்று புரி திரித்த கயிறு போன்ற அமைப்புள்ளது என்று உலகத்துக்குக் காட்டினார்கள். தோலைத் தொட்டவனைத் தீட்டென்று ஊருக்கு வெளியே வைத்த நாட்டில், அந்தத் தோலின் உள் அமைப்பைச் சொல்லித்தான் சென்னைக்குப் பேர் வந்தது! மதுரையில் சர்வகலாசாலையின் கிளை ஏற்பட்டதும் அவர் காலத்தில்தான். அதுவே 1966-ல் மதுரை சர்வகலாசாலை ஆயிற்று. எம்.ஏ. படிக்க இராமநாதபுரத்துப் பையன் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை என்று ஆனது சிறிய காரியமல்ல.

அவருக்குப் பின் 1969 முதல் 1975 வரை அந்தப் பதவியில் இருந்தவர் நமது நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள். காஞ்சீபுரத்துப் பக்கம் நெய்யாடுபாக்கத்தில் 1912-ல் பிறந்தவர். புரோகிதனில்லாமல் சுயமரியாதைக் கலியாணம் செய்துகொண்டவர். 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த, பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்ற திட்டம் 1954-ல் ஒழிந்த பிறகு, காமராசர் ஆட்சியில் கல்வி டைரக்டராயிருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடும் ஏற்பாட்டை ஊர் ஊராய்ப் போய் நடத்திக் காட்டினார். சோற்றுக்கும் ஆனர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்பில் பசியால் நின்றவன் ஆனர்ஸ் வகுப்பு வாசலுக்கு எப்படி வருவான்? நமது ஊர்ப் பெயரையே பாருங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. முன்னால் ஐயப்பன் பெயரை ஒட்ட வைத்தார்கள். பயிர் விளைந்ததோ பின்னாலுள்ள தாங்கலால்.

நிற்க. ஆனர்ஸ் இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட திட்டப்படி நான்கு வருஷம் படித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் நூற்றுக்கு 75 வாங்கினவனுக்கே ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ். ஒரு வருஷத்தில் நின்றால் சர்ட்டிபிகேட், இரண்டில் நின்றால் டிப்ளமா. இதைச் சௌகரியம் என்கிறார்கள். யாருக்குச் சௌகரியம்? வக்கீல் வீட்டுப் பிள்ளை ஒரு வருஷத்தில் நிற்குமா? கலியாணத்துக்கு அவசரப்படுத்தப்படும் பெண்ணும், அம்பத்தூர்ப் பாக்டரியில் வேலை கிடைத்தால் போதும் என்றிருக்கிற வீட்டுப் பையனும்தான் நிற்பார்கள். முன்பு நின்றால், "ஐயோ, நின்றுவிட்டானே" என்று நாலு பேர் கேட்டார்கள். இனி ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, முறைப்படிதான் போனான் என்று கணக்கை மூடிவிடலாம்.

கேட்பதற்குத்தான் ஆள் வேண்டுமே! 2023 ஆகஸ்டில் சென்னை சர்வகலாசாலை வைஸ்சான்சலர் பதவி காலியாகி, கவர்னருக்கும் சர்க்காருக்கும் நடந்த வியாஜ்ஜியத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. காலி நாற்காலிக்கு மாலை போடுவதா?

ஆகையால், எந்தச் சர்வகலாசாலையிலும் புதிதாய் வருகிற வைஸ்சான்சலருக்கு மாலை வாங்கும் முன் ஒரு கணக்கைக் கேளுங்கள். முதல் வருஷத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், சர்ட்டிபிகேட்டோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஜாதி, எத்தனை பெண்கள், அவர்கள் தகப்பன்மார் செய்யும் தொழில் என்ன என்று வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிடச் சொல்லுங்கள். வெளியிட்டால் மாலைக்கு நாமும் பணம் கொடுக்கிறோம்.