சட்டம் தந்ததைப் பள்ளிக்கூடம் சொல்லட்டும்



தோட்டத்து லயத்துக்குப் போகிற பாதையில் லைட் எரியவில்லை. எங்கே போவது? பிரதேச சபைக்கா, பிரதேச செயலகத்துக்கா? முன்னது நாம் வாக்குப் போட்டு அமைப்பது. பின்னது அரசாங்கம் உத்தியோகத்தரை நியமித்து நடத்துவது. தரம் பத்துப் பிள்ளையைக் கேட்டால், "தலைவர்கிட்ட சொல்லலாம் சார்" என்கிறான். அவன் சொல்வது தொழிற்சங்கத் தலைவரை!

பிள்ளைமேல் குற்றமில்லை. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டச் சமூகம் நாம். அடுத்த இரண்டே ஆண்டில் குடியுரிமையும் போனது, வாக்கும் போனது. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்தியது நம் லயங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று எவரும் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்த விண்ணப்பத்தை எழுதப் பழகாத பிள்ளைக்கு அந்தச் சட்டம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயம். குடியியல் கல்வி விரும்பினால் எடுக்கும் பாடம். ஆசிரியர் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்தில் விருப்பம் ஏது? கட்டாயக் கல்வி 16 வயதோடு முடிகிறது. நம் பிள்ளைகள் பலருக்குப் படிப்பும் அதோடு முடிகிறது. ஈராண்டில் கையில் வாக்குச்சீட்டு!

குடியியலைக் கட்டாயமாக்கினால் பாடச்சுமை கூடும் என்பார்கள். அரசியலமைப்பின் உறுப்புரைகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் சுமைதான். நான் கேட்பது வாரம் ஒரு பாடவேளை. ஆண்டுக்கு ஒருமுறை பிரதேச சபைக் கூட்டத்தை நேரில் பார்ப்பது. ஒரு விண்ணப்பம் எழுதிப் பழகுவது. அவ்வளவுதான்.

இதைச் சுற்றறிக்கையில் மட்டும் போட்டால் போதாது; சுற்றறிக்கை அமைச்சர் மாறினால் மாறும். நமது கல்விக்கு அடிப்படை இன்றும் 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். அதற்குப் பதில் புதிய சட்டம் வரும்போது, சாதாரண தரம் வரை குடியியல் கல்வி கட்டாயம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.