பிரேக்குக்குள் கொஞ்சம் ரப்பர்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில், குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸை ஆணியடித்து ஓட்டுவார்களாம். வெறும் மரத்தைவிடத் தோல் நன்றாகப் பிடித்தது. இதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897-இல் பிரேக்குக்கென்றே தனிப் பொருள் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

இன்றைய கார் பிரேக் பேடில் பத்துக்கும் மேற்பட்ட சரக்குகள் உண்டு. ஃபீனாலிக் பிசின் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும். இழைகள் வலு தரும். பேரியம் சல்பேட் தூள் இடத்தை நிரப்பும். பலவற்றில் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயில் செய்த தூளும் இருக்கும். கூடவே கொஞ்சம் ரப்பர்: எண்ணெய்க்கு அசராத நைட்ரைல் ரப்பர், அல்லது பழைய டயரை அரைத்த தூள்.

ரப்பர் எதற்கு?

இறுகிய பிசின் கண்ணாடி மாதிரி, அடி விழுந்தால் விரிசல் விடும். ரப்பர் துகள்கள் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பேடும் சற்று அமுங்கிக்கொடுத்து, டிஸ்க்கோடு பரவலாக ஒட்டி உரசும். ‘கிரீச்’ சத்தம் குறையும்.

அளவு கூடினால் வம்பு. பேடின் கடினமும், அழுத்தம் தாங்கும் வலுவும் இறங்கிவிடும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அப்போது ரப்பரும் பிசினும் சிதைந்து வாயுவை வெளியிடும். பிடிமானம் தளரும், தேய்மானம் எகிறும்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் ரப்பரைச் சிறு பங்கோடு நிறுத்துகிறார்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தை அடக்கச் சொல்வதும் இந்தச் சூட்டைத் தவிர்க்கத்தான்.