புதையல் தேடிகள் வரைந்த பாதை

2000 மே மாதம், ஜிபிஎஸ் துல்லியத்துக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். இப்படித்தான் ஜியோகேச்சிங் என்ற புதையல் வேட்டை பிறந்தது.

ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடித்துத் திறந்தால் பெயரெழுத ஒரு குறிப்பேடும் சில்லறைச் சாமான்களும்தான். ஆனால் தேடிப் போகிறவர்களின் கால் படும் இடங்களைப் பாருங்கள்: கார் நுழையாத ஒற்றையடிப் பாதை, ஓடைமேல் மரப்பாலம், வேலியில் ஒரு திட்டிவாசல். இவர்களில் பலர், ஜிபிஎஸ் கைக்கருவியில் பதிந்த தடத்தை வைத்து இவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைகிறார்கள். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பொதுமக்கள் வரைபடம் அது. 2012-இல் ஜியோகேச்சிங் இணையதளமே அந்த வரைபடத்துக்கு மாறியது.

உங்கள் ஊர்க் குளக்கரைப் பாதை அதில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம், கட்டணம் கிடையாது.