வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்



பகல் பதினோரு மணிக்குக் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். திரைகளை இழுத்து மூடிவிட்டு, உள்ளே வரிசையாக விளக்கு எரியவிட்டிருப்பார்கள். வெளிச்சம் வரட்டும் என்றுதான் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டார்கள். கூடவே சூடும் வந்தது, கண்ணும் கூசியது. அதனால் திரை, திரை போட்டதால் விளக்கு, ஏறிய சூட்டை இறக்க ஏசி. மின்கட்டணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கண்ணாடி மோகம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் தெற்கு நோக்கிப் பெரிய கண்ணாடி வைத்தால், பனிக்காலத்தில் தாழ்வாக வரும் வெயில் அறைக்குள் நீளமாக விழும். கல்தரையும் தடித்த சுவரும் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். அவர்களுக்கு அது தேவை. நமக்குத் தேவை வெளிச்சம் மட்டும்தான். வெயில் வாசலுக்கு வெளியே நின்றுவிட வேண்டும்.

அப்படி நிறுத்திக் காட்டிய கட்டடம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டா. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட் வரைந்தது. 1937-இல் வேலை தொடங்கியது. நிஜாம் அரசு கொடுத்த நன்கொடையின் நினைவாகத்தான் அந்தப் பெயர். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்த முகங்களில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை, திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். திறந்தால் காற்று வரும். சரித்து வைத்தால் வெயில் தடைப்பட்டு, வெளிச்சம் மட்டும் கசிந்து வரும். வடக்கே நடைபாதை, தெற்கே அறைகள், நடுவில் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. கதவைச் சாத்தினாலும் சட்டங்களின் இடுக்கு வழியே காற்று போகும். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இடையில் காற்று ஓட வழி விட்டிருக்கிறார்கள். உச்சிவெயிலை அந்த ஓடுகள் வாங்கிக்கொள்கின்றன. பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கீல், கொக்கி எல்லாம் அங்கேயே வார்த்தார்கள் என்றால் அந்த வேலையின் நுணுக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஏன் வடக்கும் தெற்கும்? சென்னையில் டிசம்பர் கடைசியில்கூட நண்பகல் சூரியன் ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் பிற்பாதியில் நேர் தலைக்கு மேல். ஆகவே தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி உச்சிவெயில் உள்ளே வராது. வடக்கில் கோடை மாதங்களில் மட்டும் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் படும். படிக்க, தைக்க அந்தப் பக்கத்து வெளிச்சம்தான் சுகம். மேற்குதான் வில்லங்கம். மாலை நான்கு மணி வெயில் படுக்கைவாட்டில் வந்து நேரே முகத்தில் அடிக்கும். எத்தனை அடி சன்ஷேட் நீட்டினாலும் அதற்குக் கீழே புகுந்துவிடும். வாஸ்து பார்க்க ஆள் தேடுகிற நாம், வெயில் பார்க்க ஒருவரையும் தேடுவதில்லை.

இன்னொன்று. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல்விளிம்பு உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் உள்ளே போகும். மேல்விளிம்பு ஏழடி உயரத்தில் இருந்தால் பதினான்கு, பதினைந்தடி. அதற்கு மேல் ஆழமான கூடத்துக்கு மறுபக்கத்திலும் ஒரு ஜன்னல் வேண்டும். உள்கூரைக்கு வெள்ளை அடித்தால் இருக்கிற வெளிச்சம் இன்னும் பரவும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியோ பாயோ தொங்கவிடலாம், ஆனால் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே போடும் திரை கண் கூசுவதைத்தான் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டிய சூடு பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

புதிதாக வீடு கட்டப் போகிறவர்கள், பிளான் போடுவதற்கு முன் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். வெயில் அடிக்கிற பக்கத்துக்குக் குளியலறை, மாடிப்படி, அலமாரிச் சுவர் வரட்டும், படுக்கையறை வேண்டாம். இன்ஜினியரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள், சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை இடம் மாற்றுவது வீண் செலவு.