பஞ்சகாலத்துப் படிக்காசு



துன்பக் காலத்தில் இறைவன் படியளப்பான் என்ற நம்பிக்கையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அளப்பானா, மாட்டானா என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. அளந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் இடங்களில் எதை அளந்தான், வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் அடியார்களோடு தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. இறைவன் கனவில் தோன்றி, உங்களை அண்டியவர்களுக்காக நாள்தோறும் காசு தருவோம் என்றான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒன்று. கவனியுங்கள்: சோறு வரவில்லை, காசுதான் வந்தது. யாரோ கடைக்கு நடக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், உலை வைக்க வேண்டும். இரு மடங்களிலும் அதைச் செய்தார்கள். அடியார்களெல்லாம் வந்து உண்ணலாம் என்று இருவேளையும் பறையறைந்து அழைத்தார்கள். நாளைக்கு இருக்கட்டும் என்று அந்தக் காசில் யாரும் முடிந்துவைத்ததாகப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்லவில்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சம்பந்தர் மடத்தில் பந்தி தாமதமாகிறது. அப்பர் மடத்திலோ உரிய நேரத்தில் இலை விழுகிறது. சம்பந்தர் காரணம் கேட்கிறார். “உங்கள் காசுக்குக் கடையில் வட்டம், அதாவது கழிவு, பிடிக்கிறார்கள்; அப்பர் காசை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்” என்கிறார்கள் மடத்து ஆட்கள். அப்பர் உழவாரத்தால் கைத்தொண்டு செய்பவர். அதனால் அவர் காசு நல்ல காசு என்று சம்பந்தருக்கே புரிகிறது. ஆனாலும் அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. மறுநாள் சந்நிதியில் நின்று, குறையில்லாத காசாகக் கொடு என்று பதிகமே பாடிவிட்டார். நம்பிக்கை உள்ளவன் முறையிடக் கூடாது என்று இன்று சிலர் உபதேசிக்கிறார்கள். பசித்தவர்கள் பந்தியில் காத்திருக்கும்போது முறையிடாத நம்பிக்கை எனக்குச் சோம்பலாகவே தெரிகிறது.

சுந்தரர் இன்னும் ஒருபடி மேலே போனவர். அவர் மனைவி பரவையார் வீட்டுக்கு நெல் அனுப்பிவந்த குண்டையூர்க் கிழார், வானம் பொய்த்ததால் அனுப்ப வழியின்றி வாடினார். இறைவன் அங்கே நெல்லை மலையாகக் குவித்தான். சுந்தரர் திருக்கோளிலிக் கோயிலுக்குப் போய், நெல் இருக்கிறது, தூக்க ஆள் கொடு என்று கேட்டார்! பூதங்கள் இரவோடிரவாகச் சுமந்துவந்து திருவாரூர் வீதியெங்கும் கொட்டின. விடிந்ததும் பரவையார், அவரவர் மனையெல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முரசறைவித்தார். வந்தது ஒரு வீட்டுக்கு. உலை கொதித்தது ஊருக்கே.

இது பழங்கதை என்று தள்ளுவோர் வடலூருக்குப் போய்வரலாம். 1867இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் கேளாமல் பசித்தவர்க்குச் சோறிட அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பூதங்கள் நெல் சுமக்கவில்லை. மனிதர்கள் கொடுக்கிறார்கள், மனிதர்களே சமைக்கிறார்கள். கையில் சேர்ந்த படி அடுப்புக்குப் போய்ச் சேர்வதில் வீழிமிழலைக்கும் வடலூருக்கும் வேறுபாடு இல்லை.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். வைப்புத்தொகையின் வட்டியில் ஆண்டுதோறும் எங்களைப் பேசவைக்கிறீர்கள், நூலாக்கியும் தருகிறீர்கள், நன்றி. அடுத்த ஆண்டு முதல் அந்த வட்டியில் ஒரு பங்கை இந்த ஊரில் பசித்திருப்போரின் ஒருவேளைச் சோற்றுக்கு ஒதுக்குங்கள். அதற்காகச் சொற்பொழிவைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்குச் சம்மதமே.